மகன் வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு, முடங்கிப்போன அம்மாவின் சம்பளம்: என்ன செய்யலாம்?

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறார். கணவர் இல்லை. ஒரே மகன், வயது 19, வெளியூர்க் கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். கல்லூரிக்குள் ஒரு வங்கி நடத்திய முகாமில் அவனுக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். சீனியர் மாணவன் ஒருவன், “ஆன்லைன் டிரேடிங் பண்ற அண்ணன் ஒருத்தருக்குப் பத்து நாளைக்கு ஒரு கணக்கு வேணும், எட்டாயிரம் தருவாங்க, யார்கிட்டயும் சொல்லாதே” என்று கேட்டிருக்கிறான். மகன் ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, கணக்கோடு இணைத்த சிம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். கமிஷனில் 2,000 ரூபாய் கையில் கிடைத்தது. மீதி 6,000 அதே கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்கு வந்தது. மகன் பார்ட்-டைம் வேலை பார்த்து அனுப்பியதாக நினைத்து, இவர் அதைச் சீட்டுக்குக் கட்டிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கணக்குமே முடங்கின. மகனின் கணக்கில் ஒரே நாளில் 3,85,000 ரூபாய் வந்து போயிருக்கிறது. அம்மாவின் கணக்கில் இருந்த 41,000 ரூபாயையும் எடுக்க முடியவில்லை. வாரச் சம்பளமும் அதற்குள்ளேயே போய் விழுகிறது. வேறு மாநில சைபர் கிரைம் காவல் நிலையத்திலிருந்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. “கார்டு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு, சாட்டை எல்லாம் அழிச்சிடு” என்கிறார் உறவினர் ஒருவர். பதினைந்தாயிரம் கொடுத்தால் கணக்கைத் திறந்து தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். “வங்கி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எங்களைப் பலி கொடுக்கிறது. என் தாலிக்கொடியை அடகு வைத்து 3,85,000 ரூபாயைக் கட்டிவிட்டால் என் பிள்ளையை விட்டுவிடுவார்களா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நகையில் கை வைக்க வேண்டாம். புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மகனின் போனிலிருந்து ஒரு மெசேஜைக்கூட அழிக்க வேண்டாம். மற்றதைப் படிப்பதற்கு முன் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, வங்கி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லாததால் வந்தது. அதைத் தெரிந்துகொண்டால் யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெளிவாகும்.

வங்கிகள் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சுற்றி எழுப்பியிருக்கும் பாதுகாப்பு இன்று சாதாரணமானது அல்ல. இதற்கென்றே ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் சில மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டும். அப்படி இருந்தும் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, மூன்று பரிமாற்றங்களில் சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக்குக் கடத்தப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பூனேயின் காஸ்மோஸ் கூட்டுறவு வங்கி 94 கோடி ரூபாயை இழந்தது.

இவற்றுக்கும் உங்கள் மகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடியான சம்பந்தம் இருக்கிறது. எவ்வளவு பெரிய திருடனாக இருந்தாலும், திருடிய பணம் வந்து இறங்க ஒரு கணக்கு வேண்டும், எடுக்க ஒரு கை வேண்டும். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் திருடப்பட்டது. அந்தப் பணம் போய் இறங்கியது பிலிப்பைன்ஸில் ஒரு வங்கிக் கிளையிலிருந்த கணக்குகளில். அவை 2015 மே மாதமே தலா 500 டாலர் போட்டுத் திறக்கப்பட்டவை. பொய்ப் பெயர்களில் திறந்து, மாதக்கணக்கில் ஒரு பரிமாற்றமும் இல்லாமல் சும்மா வைத்திருந்தார்கள். அதே திருட்டில் இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுபவரின் பெயரில் எழுத்துப்பிழை இருந்ததால் கண்ணில் பட்டு நின்றது. காஸ்மோஸ் வழக்கில் 2023இல் பூனே நீதிமன்றம் 11 பேருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. அவர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கில்லாடிகள் இல்லை. போலி கார்டுகளை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுத்துக் கொடுத்த ஆட்கள். மூளையாக இருந்தவர்கள் எங்கோ இருக்க, மாட்டிக்கொண்டது கடைசிக் கை.

உங்கள் மகனின் கணக்கைக் கேட்டு வாங்கியதும் இதற்காகத்தான். வங்கியின் பூட்டை உடைப்பதைவிட, நல்ல பையன் ஒருவனின் பெயரை எட்டாயிரத்துக்கு வாடகைக்கு எடுப்பது எளிது. இப்படிப்பட்ட கணக்கை வங்கியிலும் போலீஸிலும் ‘மியூல் அக்கவுன்ட்’ என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு ஒன்று ‘மியூல்ஹண்டர்’ என்ற மென்பொருளையே உருவாக்கி வங்கிகளுக்குக் கொடுத்து வருகிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட் நகலைப் பார்த்தேன். எட்டு மாதமாக அந்தக் கணக்கில் ஹாஸ்டல் செலவுக்கு நீங்கள் போட்ட ஐந்நூறும் ஆயிரமும்தான். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை 10 ரூபாய் வரவு, உடனே 10 ரூபாய் செலவு. கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான வெள்ளோட்டம் அது. வியாழக்கிழமை முன்பின் தெரியாத நான்கு பேரிடமிருந்து 95,000, 1,00,000, 90,000, 1,00,000 என்று வருகிறது. ஒவ்வொரு வரவுக்கும் கீழே இரண்டு மூன்று செலவு வரிகள். நடுவில் உங்களுக்கு வந்த 6,000. கடைசியில் ஏடிஎம்மில் எடுத்த பத்தாயிரம், பத்தாயிரம். மாலையில் மிச்சம் 112 ரூபாய். மாணவன் என்று பதிவாகியிருக்கும் கணக்கில் இப்படி நடந்தால், வங்கியின் கம்ப்யூட்டர் அதைத் தனியாக எடுத்துக் காட்டும். இதில் மானேஜருக்கு உங்கள் மீது தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் கணக்கை முடக்கியது பெரும்பாலும் வங்கியாக இருக்காது. பணத்தை இழந்த யாரோ ஒருவர் 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருப்பார், அல்லது தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் கொடுத்திருப்பார். அந்தப் புகார் உடனே வங்கிக்குப் போகும். பணம் முதலில் விழுந்த கணக்கு, அதிலிருந்து போன கணக்கு, அதற்கும் அடுத்தது என்று சங்கிலியாக ஒவ்வொன்றையும் நிறுத்துவார்கள். வங்கியில் இதை ‘லேயர் ஒன்’, ‘லேயர் டூ’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மகன் முதல் படியில் இருக்கிறான். அந்த 6,000 ரூபாயால் நீங்கள் இரண்டாம் படிக்கு வந்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் உங்களைப் போலவே வாரச் சம்பளக்காரராக இருக்கலாம். ஓய்வூதியத்தை இழந்த பெரியவராக இருக்கலாம். அவர் பக்கமிருந்து பார்த்தால் இப்படிக் கணக்குகளை நிறுத்தியதுதான் ஒரே நம்பிக்கை.

மானேஜர் ஏன் வாயைத் திறப்பதில்லை?

“எதுவும் சொல்ல முடியாது, மேலிடத்து உத்தரவு” என்று மானேஜர் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது.

சந்தேகப் பரிமாற்றம் என்று வங்கி முடிவு செய்தால், டெல்லியில் உள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் இது கட்டாயம். அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பதும் விதி. இதைப் பற்றிக் கேட்டால் அவர் மௌனமாகத்தான் இருப்பார்.

காவல்துறை சொல்லி நிறுத்திய கணக்கு என்றால் கதை வேறு. எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எவ்வளவு தொகை சந்தேகத்துக்கு உரியது என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த நான்கு விவரமும் கையில் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது.

முதலில் உங்கள் கணக்கு

உங்கள் கணக்கையும் மகனின் கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் கணக்கில் சந்தேகத்துக்கு உரியது 6,000 ரூபாய் மட்டும். மீதி 35,000 ரூபாய் நீங்கள் மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்தது. 6,000 ரூபாய்க்காக மொத்தக் கணக்கையும் பூட்டி வைப்பது சரியில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில் கணக்கில் 9 லட்சத்துக்கு மேல் இருந்தது, சந்தேகத் தொகை இரண்டரை லட்சத்துக்குள். இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மற்றபடி கணக்கை இயக்க அனுமதிக்கச் சொன்னது நீதிமன்றம். 2023இல் கேரள உயர் நீதிமன்றமும் குறிப்பிட்ட தொகையோடு முடக்கம் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னது.

ஆகவே வங்கிக்கு எழுதும் கடிதத்தில், “முழு முடக்கத்தை நீக்கி, 6,000 ரூபாய்க்கு மட்டும் லியன் வைத்துக்கொள்ளுங்கள்” என்று கேளுங்கள். லியன் என்றால் அந்தத் தொகையை மட்டும் தொட முடியாது, மற்றதை எடுக்கலாம். சம்பளச் சீட்டு, கம்பெனியின் கடிதம், ஓராண்டு ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணையுங்கள். அதே மனுவை அந்த வெளிமாநிலக் காவல் நிலையத்துக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். காவல்துறை சொல்லி நிறுத்தியதை வங்கி தானாகத் தளர்த்தாது. அங்கிருந்து ஒரு பதில் வந்தால்தான் கை வைக்கும். 6,000 ரூபாயை விசாரணைக்கு ஒப்படைக்கத் தயார் என்றும் அதில் எழுதுங்கள். அந்தப் பணம் உங்களுடையது இல்லை. அதைச் சொல்லிவிடுவது உங்கள் பக்கத்துக்குப் பலம்.

புலனாய்வின்போது சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 106ஆவது பிரிவு அது. பழைய சட்டத்தில் 102. அப்படிக் கைப்பற்றினால் தாமதமில்லாமல் நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தெரிவித்தார்களா என்று மனுவில் கேளுங்கள். பல வழக்குகளில் இந்த ஒரு கேள்விக்கே பதில் இருப்பதில்லை.

நான்கைந்து வாரத்தில் பதில் இல்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. அந்தக் காவல் நிலையத்துக்கு உட்பட்ட நடுவர் நீதிமன்றத்தில் கணக்கை விடுவிக்கக் கேட்கலாம். அல்லது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உங்கள் நிலைமைக்கு இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மொழி தெரியாத ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி தானாக நிறுத்திய கணக்கென்றால், எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லாதபோது அங்கே போகலாம், கட்டணமும் கிடையாது. காவல்துறை உத்தரவுப்படி நிறுத்தியதில் அவர் தலையிட மாட்டார். அங்கே போய் மாதங்களை இழக்க வேண்டாம்.

அதுவரை கம்பெனியில் விஷயத்தைச் சொல்லி, சம்பளத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். இன்னொரு வாரச் சம்பளம் அந்தக் கணக்குக்குள் போய் விழ வேண்டாம்.

மகன் விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொண்டு கேளுங்கள்

“அவன் ஒரு பைசா திருடவில்லை, அதனால் குற்றமே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாயாக நீங்கள் அப்படி நினைப்பது புரிகிறது. சட்டம் அப்படிப் பார்க்காது. திருட்டுப் பணம் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ அதை வாங்கி வைத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 317ஆவது பிரிவில் குற்றம். ஏமாற்றுவதற்கு உடந்தை என்றால் 318. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவையும் வழக்கமாகச் சேர்ப்பார்கள். எல்லாமே அவனுக்கு என்ன தெரியும் என்பதில் வந்து நிற்கும். பத்து நாளுக்கு எட்டாயிரம், யாரிடமும் சொல்லாதே என்ற பேச்சு, சிம்மோடு சேர்த்துக் கொடுத்தது — இவற்றை வைத்து “சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவன் தயாராக வேண்டும்.

அவன் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. வயது 19. முன்பு எந்த வழக்கும் இல்லை. பணம் வந்துபோன வியாழக்கிழமை கல்லூரியில் லேப் வகுப்பில் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வருகைப் பதிவேட்டின் நகலை உடனே வாங்குங்கள். ஒவ்வொரு பரிமாற்றமும் நடந்த நேரத்தையும், ஏடிஎம் எந்த ஊரில் என்பதையும் வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். லேப்பில் இருந்த பையன் அதே நேரத்தில் வேறு ஊர் ஏடிஎம்மில் நின்றிருக்க முடியாது. கணக்கை இயக்கியது வேறு கை என்பதற்கு அது நல்ல சாட்சி. சீனியர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களும் அப்படியே. அழிக்கச் சொன்ன உறவினர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் மகனைக் காப்பாற்றக்கூடிய ஒரே எழுத்து அந்தச் சாட்டில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம், பி.என்.எஸ். 238. “கார்டு தொலைந்துபோச்சு” என்ற கதையும் நிற்காது. கார்டு தொலையலாம், பாஸ்வேர்டும் சிம்மும் அதோடு சேர்ந்து எப்படித் தொலையும் என்று முதல் கேள்வியிலேயே கேட்பார்கள். ஒரு பொய் வெளியே வந்துவிட்டால் அப்புறம் அவன் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு வேலையை நாளைக்கே முடியுங்கள். அந்த சிம் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. மகன் ஆதாரோடு சேவை மையத்துக்குப் போய் அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கட்டும், பழையது செத்துவிடும். அவன் பெயரிலுள்ள எண்ணிலிருந்து இன்று இரவு வேறு யாரையாவது ஏமாற்றினால் அதுவும் அவன் தலையில்தான் விழும். ஏடிஎம் கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிரந்தரமாக முடக்கச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். கணக்கை மூடச் சொல்ல வேண்டாம்; விசாரணை முடியாமல் மூடவும் மாட்டார்கள்.

நோட்டீஸ் விஷயம். முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். போலி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டமும் இருக்கிறது. நோட்டீஸில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். அந்த மாநிலக் காவல்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் காவல் நிலைய எண்ணை எடுத்து அழைத்து, குற்ற எண்ணை, அதாவது வழக்கின் பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வீடியோ காலில் யாராவது சீருடையோடு வந்து “டிஜிட்டல் அரெஸ்ட்” என்றால் துண்டித்துவிடுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

உண்மையான நோட்டீஸ் என்றால், பி.என்.எஸ்.எஸ். 35ஆவது பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி அப்படியே போட்டுவிடாதீர்கள். சட்டப்படி செல்லாத நோட்டீஸாக இருந்தாலும், அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பதை அது காட்டும். பதில் இல்லை என்றால் தலைமறைவு என்று எழுதிக்கொள்ள வழி கொடுத்ததாகிவிடும். வழக்கறிஞர் மூலம் ஒரு பதில் அனுப்புங்கள்: மாணவன், தேர்வு இருக்கிறது, ஒத்துழைக்கத் தயார், முறையான நோட்டீஸ் அனுப்பினால் இன்ன தேதிக்குப் பிறகு வருகிறேன், முடிந்தால் காணொலியில் விசாரியுங்கள் என்று.

கைது செய்வார்களா? ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தானாக நடந்துவிடக் கூடாது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பது 2014 முதல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தி வருவது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது என்பதும் 35ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் முதல் படிக் கணக்குக்காரன் என்பதால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவன் அங்கே போவதற்கு முன் இங்கேயே குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் கேட்கலாம். வேறு மாநில வழக்குக்கும் உள்ளூர் அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ இப்படி இடைக்காலப் பாதுகாப்பு தரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு போவதுதான் என் யோசனை. தனியாக அனுப்பாதீர்கள்.

உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் அந்த சீனியர் மீதும் ‘அண்ணன்’ மீதும் மகன் புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் வழக்கறிஞர் வரைவைப் பார்த்த பிறகு கொடுங்கள். புகாரில் எழுதும் ஒவ்வொரு வரியும் பிறகு அவனிடமே கேள்வியாகத் திரும்பி வரும். இன்னும் எத்தனை மாணவர்களிடம் கணக்கு வாங்கினார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வரும்.

நகை

3,85,000 ரூபாயை நீங்கள் இப்போது கட்டுவதால் வழக்கு முடியாது. ஒருமுறை குற்ற எண் விழுந்த பிறகு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வழக்கை முடிக்க நீதிமன்றம் வேண்டும். யாரிடம் கட்டுவீர்கள்? நான்கு பேர் இழந்திருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்பது விசாரணையில்தான் தெரியும். அடுத்தடுத்த கணக்குகளில் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. பாதிப் பணம் ஏற்கெனவே கிடைத்திருக்கலாம். “நான்தான் பாதிக்கப்பட்டவன், ஜிபேயில் போடுங்கள்” என்று யாராவது அழைத்தாலோ, “கொடுத்துவிடு, முடித்துவிடலாம்” என்று சீருடையில் இருப்பவரே சொன்னாலோ, நீதிமன்றம் வழியாகத் தருகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மகன் கையில் வாங்கிய 2,000, உங்களுக்கு வந்த 6,000 — இந்த எட்டாயிரத்தை ஒப்படைக்கத் தயாராக இருங்கள். ஜாமீன் கட்டத்தில் நீதிமன்றம் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லலாம், பாதிக்கப்பட்டவரோடு சமரசம் பேசும் கட்டமும் பிறகு வரலாம். அப்போது கொடுக்கும் பணத்துக்கு ரசீதும் மதிப்பும் இருக்கும். தாலிக்கொடி அதுவரை பெட்டியில் இருக்கட்டும்.

புரோக்கர் பற்றி ஒரு வார்த்தை. கணக்கைத் திறக்கும் அதிகாரம் நிறுத்தச் சொன்ன அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் உண்டு. வெளியில் நிற்கிற ஒருவர் காசுக்குத் திறந்து தருகிறேன் என்றால் அது ஏமாற்று, அல்லது லஞ்சம். இரண்டிலும் நீங்கள் சிக்கக் கூடாது.

வங்கி மீது தவறே இல்லையா?

இருக்கலாம். கல்லூரிக்குள் முகாம் போட்டு அவசரமாகக் கணக்குகளைத் திறக்கிறார்கள். கணக்கை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஜெயில் என்று பையன்களுக்கு ஒரு வரிகூடச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையாகவே கோபத்தைத் தருகிறது. 2025 ஜூனில் சிபிஐ மியூல் கணக்குகள் தொடர்பாக எடுத்த பெரிய நடவடிக்கையில், வங்கி ஊழியர்களே உடந்தையாக இருந்திருக்கலாம் என்று விசாரணை போனது. எட்டு மாதம் சின்னத் தொகைகள் மட்டுமே வந்த மாணவர் கணக்கில் ஒரே நாளில் கிட்டத்தட்ட நான்கு லட்சம் வந்து போகும்வரை ஏன் ஒரு தடையும் வரவில்லை என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம்.

ஆனால் அந்த வாதத்தை இரண்டாவதாக வையுங்கள். நம் கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பல நேரங்களில் முழு இழப்பும் வங்கியைச் சேரும் என்ற ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதியைத் தெரிந்துவைத்து எழுதியிருக்கிறீர்கள். பாராட்டுகிறேன். அது பணத்தை இழந்தவருக்கான பாதுகாப்பு. பாஸ்வேர்டை நாமே கொடுத்துவிட்டால், தகவல் சொல்லும் வரையிலான இழப்பு நம்முடையது என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் மகன் இதில் பணத்தை இழந்தவனும் இல்லை. அந்த விதியைப் பிடித்து வாதாடினால் நேரம்தான் போகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். திருப்பூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மகனுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். உங்கள் குடும்ப வருமானத்தையும் சொல்லி இருவருக்குமே விண்ணப்பம் கொடுங்கள். கைது வரைக்கும் போய்விட்டால், காவலில் இருப்பவர் என்ற முறையில் அவனுக்கும் அந்த உரிமை வரம்பில்லாமல் வந்துவிடும்.

போகும்போது இரண்டு கணக்கின் ஸ்டேட்மென்ட், நோட்டீஸின் பிரிண்ட், வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் சீல் வைத்த நகல், மகனின் கல்லூரி அடையாள அட்டை, சாட்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். போன் மகனிடமே இருக்கட்டும், ரீசெட் செய்ய வேண்டாம். நோட்டீஸில் ஆஜராகச் சொல்லியிருக்கும் தேதிக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. வழக்கறிஞரின் பதில் அந்தத் தேதிக்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் சட்ட உதவி அலுவலகத்துக்கு, சனிக்கிழமை சம்பள நாள் வரை காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே லீவு சொல்லிவிட்டுப் போங்கள்.